இடது பக்கத்து ஆள்

நான் போன முதல் நாளே இராமையா தன் இடது கையை வலது கையால் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"நர்ஸம்மா, இதக் கொண்டுபோயி அந்தாளுகிட்டயே குடுத்துடுங்க."

நான் நர்ஸ் இல்லை, பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் என்று சொல்லிவிட்டு, எந்த ஆள் என்று கேட்டேன்.

"இந்தா படுத்திருக்கான்ல. கையத் தூக்கி ஏம்மேல போட்டுக்கிட்டு."

கட்டிலில் அவரைத் தவிர யாரும் இல்லை. அவர் மனைவி வடிவம்மா கதவோரம் நின்றிருந்தாள். "முப்பத்தெட்டு வருஷமா அந்தப் பக்கம் படுத்தது நானு. இப்ப வேற ஆளு வந்துட்டானாம்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கட்டிலின் இடது பக்கமாக வராமல் சுற்றிக்கொண்டுதான் எனக்கு உட்காரக் கதிரை கொண்டுவந்து போட்டாள்.

இராமையா கண்டி மாநகர சபையில் பெயின்ட் வேலை செய்தவர். மதில், மின்கம்பத்து இலக்கம், வீதிக் கோடு எல்லாம் அவர் கை பட்டவை. பென்ஷன் எடுத்த பிறகு தேயிலைத் தோட்டத்துக் கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசப் போய்வந்தார். மஹியாவவில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நினைத்த நாளில் விழுங்குவார்.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை முடித்துத் திரும்பிய நாளில்தான் மூளையில் அடைப்பு வந்தது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கியவர் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி நடந்து, இறங்கிய பஸ்ஸிலேயே மறுபடி ஏறியிருக்கிறார். மூன்றாம் தடவை ஏறியபோது கண்டக்டர் பிடித்து உட்கார வைத்து, ஆஸ்பத்திரிக்கு முச்சக்கரவண்டி பிடித்துக் கொடுத்தார்.

மூளையின் வலது பக்கம் அடிபட்டால் உடம்பின் இடது பக்கம் விழும். சிலருக்கு அதோடு நிற்பதில்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசிலிருந்து அழிந்துபோகும். கண் நன்றாகத்தான் தெரியும், ஆனால் பார்க்க மாட்டார்கள். இராமையா தட்டின் வலது பாதிச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவார். மீசையில் பாதியைத்தான் சீவுவார். பேச்சு, கணக்கு, ஞாபகம் எல்லாம் சரி. கையைப் பற்றிய பேச்சு மட்டும்தான் பிசகு.

எனக்கு அவசரம் அந்த இடது கையில்தான் இருந்தது. முதல் மூன்று மாதத்துக்குள் அசைத்து, நீட்டி, மடக்கிப் பழக்காவிட்டால் விரல்கள் சுருண்டு இறுகிவிடும், தோள் பூட்டுக் கழன்று தொங்கும். நான் போனபோது ஐந்து வாரம் கடந்திருந்தது. கையைத் தொட விட்டால்தானே?

"அடுத்தவன் கைய நான் எதுக்குங்க பயிற்சி பண்ணணும்? அவனே பண்ணட்டும்."

வலது கையாவது சும்மா இருக்க வேண்டாம் என்று பென்சிலும் பழைய கலண்டர் தாளும் கொடுத்தேன். பூ வரைந்தார். வலது பக்க இதழ்கள் மட்டும். மணிக்கூடு வரைந்தார். பன்னிரண்டு இலக்கமும் வலது பாதியில் நெரிந்துகொண்டு நின்றன. வீடு வரைந்தார், பாதிக் கூரை. "வடிவா இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. கைதேர்ந்த கை.

ஒரு நாள் அவருடைய மூளை ஸ்கேன் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். என்ன நடந்தது என்று அவரே பார்த்தால் கையை ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன்.

"நல்ல மூளையாத்தான இருக்கு" என்றார். "ஒரு குத்தமும் இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கேன் படத்தில் நோயாளியின் வலது பக்கம் நமக்கு இடது பக்கமாகத்தான் விழும். கருப்பாய் உள்ளங்கையளவு கிடந்த அந்தத் திட்டு, சரியாக அவர் பார்க்காத பக்கத்தில் இருந்தது.

படத்தைப் புரட்டி மறுபுறமாக வைத்தேன். திட்டு வலது பக்கம் வந்தது. இராமையா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இங்கருந்துதான் வர்றானா?" என்றார் கடைசியில்.

அன்றிலிருந்து வேறு எதையும் வரையவில்லை. ஸ்கேன் படத்தைப் புரட்டியபடியே ஜன்னலில் ஒட்டச் சொன்னார். மூளையின் மடிப்புகளைத் தேயிலை நிரைகளாக வரைந்தார். மலையின் வளைவுக்கு வளைந்து, நெளிந்து, ஒன்றையொன்று ஒட்டி ஓடும் நிரைகள். நடுவே அந்தக் கருப்புத் திட்டு, கவ்வாத்து வெட்டாமல் காடேறிப்போன ஒரு துண்டு. அதற்குள் ஒரு ஆள் நின்றான், கடுகளவு.

அடுத்த தாளில் ஆள் கொஞ்சம் பெரிதாகியிருந்தான். அதற்கடுத்ததில் இன்னும். நிரைகளுக்கு நடுவே இறங்கி வந்துகொண்டிருந்தான். எல்லாத் தாளிலும் பாதி ஆள்தான், இடது பாதி இல்லாமல். வடிவம்மா தாள்களைக் கவிழ்த்து அடுக்கி மேலே அரிசிச் சட்டியை வைத்தாள்.

"என்னாத்துக்கு அதுமேல பாரம்?" என்று கேட்டேன்.

"காத்துக்குங்க" என்றாள். ஜன்னல் பூட்டியிருந்தது.

பதினோராவது தாளில் முகம் மட்டும்தான். தாள் முழுக்கப் பாதி முகம். முறுக்கிய மீசை, கடித்த உதடு. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. வடிவம்மா பார்த்ததும் கும்பிட்டுவிட்டாள்.

"ரோதமுனிங்க இது" என்றாள்.

விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வத்தேகமத் தோட்டத்தில் இராமையா செய்துகொண்டிருந்தது ரோதமுனி சிலை. தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் ரோதைச் சக்கரங்களுக்குக் காவல் நிற்கிற சாமி. ஆறடிச் சிமெந்து உருவம். வர்ணம் முழுக்கப் பூசிவிட்டு, கண்ணை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு வந்திருந்தார். கண் கடைசியில், நல்ல நாள் பார்த்துத்தான் திறப்பார்கள். தொடங்கிய கைதான் திறக்க வேண்டும். இன்னொருத்தர் தொடமாட்டார்.

"கண்ணில்லாம வழி தெரியலங்க அவருக்கு" என்றார் இராமையா. இப்போது மரியாதை வந்துவிட்டது. "யாரு கடைசியாத் தொட்டதோ அவங்கூடவே வந்து படுத்துக்கிட்டாரு. கண்ணத் தொறந்து விட்டா எந்திரிச்சுப் போயிருவாரு."

"போனபிறகு கையை எனக்குத் தருவீங்களா?"

"அவரு கையோட போயிருவாருல்ல. மிச்சம் இருக்குறது என்னுது. நீங்க என்னமும் பண்ணுங்க."

அது போதும் எனக்கு. ஆறாவது வாரம் முடிந்துகொண்டிருந்தது. கோயில் தலைவர் கறுப்பையாவுக்கு வடிவம்மா போன் பண்ணினாள். அவரும் இதற்குத்தான் காத்திருந்தார்.

நான் ஆயத்தமாகத்தான் போனேன். சிலையின் தோளில், நமக்கு இடது பக்கமாக, சிவப்பு ரிப்பன் கட்டினேன். இடது பக்கம் பார்வை போவதற்காக, ரிப்பனைத் தேடிப் பார்க்க ஒரு வாரம் அவரை வீட்டில் பழக்கியிருந்தேன். ஞாயிறு காலை பத்து மணி. தோட்டத்து ஆட்கள் முப்பது பேர் இருப்பார்கள். இராமையாவின் சக்கர நாற்காலியைப் பலகை போட்ட மேடை மேல் ஏற்றி, சாமியின் முகத்துக்கு நேராக நிறுத்தினோம்.

தூரிகையை எடுத்தார். வலது பக்கக் கண்ணில் ஒரு வட்டம், கருவிழி, ஓரத்தில் சிவப்பு, கடைசியாக ஒரு வெள்ளைப் புள்ளி. சாமி ஒரு கண்ணால் பார்த்தது. ஒரு பெண் குலவையிட்டாள்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றார் இராமையா.

"சிவப்பைத் தேடுங்க" என்றேன். தேடவில்லை. "ஒரு கண்ணுதானய்யா ஆச்சு" என்றார் கறுப்பையா. இராமையா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டும் ஆச்சு. நீங்க கண் டாக்டரப் பாருங்க."

குலவை நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், கண் திறந்ததும் சாமிக்குக் காட்டக் கொண்டுவந்திருந்த நிலைக்கண்ணாடியைப் பூசாரி வழக்கப்படி தூக்கிப் பிடித்தார். அலுமாரிக் கதவிலிருந்து கழற்றிய பெரிய கண்ணாடி. அது இராமையாவின் வலது பக்கம் வந்து நின்றது. கண்ணாடியில் இடம் வலமாக மாறியதால் திறக்காத கண் அவர் பார்க்கும் பக்கத்தில் தெரிந்தது.

"அட, இங்க ஒன்னு பாக்கி இருக்கே" என்றார்.

தூரிகையைத் தோய்த்து, கண்ணாடி மேலேயே வரைந்தார். வட்டம், கருவிழி, சிவப்பு, வெள்ளைப் புள்ளி. சாமியின் ஒரு கண் சிமெந்தில், இன்னொன்று கண்ணாடியில். பூசாரியின் கை ஆட ஆட, அந்தக் கண் கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பார்த்தது.

கறுப்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வடிவம்மா தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

இராமையா தூரிகையைக் கீழே வைத்தார். குனிந்து தன் மடியைப் பார்த்தார். இடது கையைத் தடவிப் பார்த்தார்.

"போயிட்டாரு" என்றார். "இது என் கை மாதிரித்தாங்க இருக்கு. மெலிஞ்சு போச்சே."

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் நல்ல வாரங்கள். காலையிலும் மாலையிலும் இருபது நிமிடம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். இராமையா கத்துவார், திட்டுவார், ஆனால் கையைத் தருவார். மூன்றாம் வாரம் பெருவிரல் துடித்தது. வடிவம்மா கட்டிலின் இடது பக்கத்தில் படுக்கத் தொடங்கினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தேகாலுக்கு, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்தார்.

"திரும்ப வந்துட்டாருங்க."

"யாரு?"

"அவருதான். வந்து படுத்துட்டாரு. கண்ணு எரியுது, எரியுதுங்கிறாரு."

நான் நேரத்தைக் குறித்தேன். மயக்கம், வாய் கோணல், காய்ச்சல் எதுவும் இல்லை. கையைத் தொட்டேன். "அது என்னுது இல்ல" என்று இழுத்துக்கொண்டார்.

பின்னேரம் கறுப்பையா வடிவம்மாவின் போனுக்குப் படம் அனுப்பினார். ஒற்றைக்கண் சாமிக்கு முன்னால் வேலைக்குப் போகத் தொழிற்சாலை ஆட்கள் பயப்பட்டதால், வழக்கத்தை மீறி, எங்களிடம் சொல்லாமலே கண்டியிலிருந்து திவாகரன் என்ற பெயின்டரைக் கூப்பிட்டுச் சிலைக்கு மற்றக் கண்ணையும் வரைந்துவிட்டார்கள். வடிவம்மா உடனே கறுப்பையாவைப் போனில் கூப்பிட்டாள்.

"கண்ணாடியில இருந்தத என்னா பண்ணீங்க?"

"அதான் சாமிக்கு ரெண்டு கண்ணு வந்துருச்சேன்னு, தேர்ப்பன்டைன் போட்டு அழிச்சுட்டோம்."

"எத்தன மணிக்கு?"

"பத்து, பத்தேகாலு இருக்கும். ஏம்மா?"

வடிவம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் குறிப்புப் புத்தகத்தில் பத்தேகால் என்றுதான் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் எனக்கு மிச்சம் இருந்தது மூன்று வாரம். துடிக்கத் தொடங்கிய பெருவிரலை விட்டுவிட்டுப் போக முடியாது.

மறுநாள் கட்டிலின் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"இராமையா, கண் எரிகிறவருக்குக் கையும் வலிக்கும். அவர் கையைக் கொஞ்சம் பிடித்துவிடட்டுமா? கேட்டுச் சொல்லுங்க."

அவர் தலையை லேசாகச் சாய்த்துக் காது கொடுத்தார். அவர் சாய்த்தது இடது பக்கம். அந்தப் பக்கம் அவர் தலை திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"சரிங்கிறாரு" என்றார். "மெதுவாப் பண்ணச் சொல்றாரு."

மெதுவாகப் பண்ணினேன். வடிவம்மா முதல் இரண்டு நாள் அந்தக் கைக்குத் திருநீறு பூசினாள். வழுக்குகிறது என்று நான் நிறுத்தச் சொன்னேன்.

பன்னிரண்டாம் வாரம், மாலைப் பயிற்சி. இராமையா வலது பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக் கோழி கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறியதைப் பற்றி வடிவம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய இடது கையின் ஐந்து விரலும் என் மணிக்கட்டைச் சுற்றி மூடின. இறுக்கமாக. வளையல் எலும்பில் அழுத்தியது.

"இராமையா, கையை விடுங்க."

"நான் எங்கங்க புடிச்சிருக்கேன்?" அவர் திரும்பவே இல்லை. "அவருகிட்ட கேளுங்க."

இந்த நோயில் பிடிப்பது முதலில் வரும். விடுவதுதான் கடினம், கடைசியில்தான் வரும், பலருக்கு வருவதே இல்லை. விரல்கள் இன்னும் இறுகின. நான் கட்டிலின் வெறும் பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"சாமி, கையை விடுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சுண்டுவிரல் முதலில் விரிந்தது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக.