பௌர்ணமியன்று வந்த பள்ளி ஆய்வு

1. தேதி கொடுத்த லட்சணம்

ஏழாம் வகுப்புக்கு நிலவின் பிறைகளை ஒரு பந்தும் டார்ச் லைட்டும் வைத்துப் பாடம் நடத்துகிறவன் நான். பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவண்ணாமலை. அப்படிப்பட்ட நான், எங்கள் பள்ளியின் தலைவிதியைத் தீர்மானிக்கிற ஓர் ஆய்வுக்கு, யாரும் கட்டாயப்படுத்தாமல், சிரித்த முகத்தோடு, பௌர்ணமி நாளைத் தேதியாகக் கொடுத்தேன். இந்த ஊரில் பால் பல் முளைக்காத குழந்தைகூடச் செய்யாத காரியம் இது.

எங்களுடையது கிரிவலப் பாதையை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி. சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லாம் இங்கேதான் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். பிளஸ் ஒன் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பையன்கள் எப்படியாவது போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளில் பலர் பத்தாவதோடு நின்றுவிடுவார்கள். அதனால் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தச் சொல்லி எழுதிப் போட்டிருந்தோம். பழைய எச்.எம். ஓய்வு பெற்றுவிட்டதால், சீனியாரிட்டி என்ற ஒரே தகுதியில் நான் பொறுப்பு எச்.எம்.

கல்வி அலுவலகத்து மேடம் போன் செய்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“சார், உங்க ஸ்கூல் விசிட்ட வர்ற வாரம் வெச்சுக்கலாமா? எந்த நாள் வசதி?”

மேஜைமேல் இருந்த அரசு காலண்டரைப் பார்த்தேன். அதில் விடுமுறை மட்டும்தான் சிவப்பாக இருக்கும்.

“வியாழக்கிழமை வாங்க மேடம். அன்னிக்கு ஸ்கூல் அமைதியா இருக்கும்” என்றேன். அது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். மலைக்குப் பின்னாலிருந்து நிலா மேலே வந்துகொண்டிருந்தது. பாறைகளின் விளிம்பெல்லாம் பால் ஊற்றிய மாதிரி. எங்கேயோ சாம்பிராணி புகைந்தது. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அப்படியே நின்றுவிட்டேன். அந்த நேரத்தில் என்னிடம் பெயர் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

“சார், கொஞ்சம் தள்ளி நின்னு ரசிங்க. பேரிகேட் எறக்கணும்.”

லாரியிலிருந்து இரும்புத் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே அன்னதானப் பந்தலுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிலாவைப் பார்த்தேன். பேரிகேடைப் பார்த்தேன். மறுபடி நிலாவைப் பார்த்தேன். நாளைக்குப் பௌர்ணமி என்று அப்போதுதான் உறைத்தது.

பௌர்ணமி என்றால் ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் பாதையில் வண்டி விடமாட்டார்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் வர வழியில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோ பாதை ஓரத்தில் அப்பா அம்மாவோடு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கக் கிளம்பிவிடுவார்கள். எந்த உத்தரவிலும் இல்லாத விடுமுறை அது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் பௌர்ணமியன்று யாரும் டெஸ்ட்கூட வைப்பதில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

“தேதி மாத்த முடியாது சார். வெள்ளிக்கிழமை ஃபைல் சென்னைக்குப் போவுது. நாளைக்கு விட்டா அடுத்த வருஷம்தான். நான் மூணு மணிக்கு வந்துடறேன். பசங்கள மட்டும் பார்த்தா போதும்.”

பசங்களை மட்டும். அது ஒன்றுதான் அன்று எங்களிடம் இருக்காது.

2. செல்வியின் அடுப்பு

நேராக செல்வி வீட்டுக்குப் போனேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அவர்தான். தரம் உயர்த்தும் மனுவுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதும் அவர்தான். அவருடைய இளைய மகள் காவியா எங்களிடம் பத்தாவது படித்தாள். நான் போனபோது செல்வி வாசலில் பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மல்லாட்டை மூட்டை; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவித்த மல்லாட்டை விற்பார்.

விஷயத்தைச் சொன்னேன். அண்டாவைக் கழுவுவது நின்றது.

“பௌர்ணமி அன்னிக்கா வரச் சொன்னீங்க? நல்லாத்தான் இருக்கீங்களா சார்?”

“மறந்துட்டேம்மா.”

“தோ மேல இருக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது. அழகா இருந்துது.”

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“பெரியவள டென்த்தோட நிறுத்தினேன். ரெண்டு பஸ் மாறி டவுனுக்கு அனுப்ப பயம் சார் எனக்கு. இப்ப கம்பெனி வேன்ல போறா, இருட்டினதும் வர்றா. என்னாண்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. சின்னவளுக்கும் அதே கதின்னா, நான் அவங்க ரெண்டு பேரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

உள்ளேயிருந்து காவியா எட்டிப் பார்த்தாள்.

“தெரிஞ்ச பசங்களுக்கெல்லாம் போன் போட்டு நான் சொல்றேன் சார். வர முடிஞ்சவங்க வரட்டும்.”

“பஸ் வராதேம்மா” என்றேன்.

“நீங்க எதுவும் சொல்லாம இருங்க சார்” என்றார் அவள் அம்மா.

3. நடந்தே வந்த மேடம்

மறுநாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தும் கடைசி பெஞ்சுகள் காலியாக இருந்தன. மூன்று மணிக்குப் போன். மேடத்தின் ஜீப்பைத் தடுப்பருகே நிறுத்திவிட்டார்கள். அழைத்துவர நான் நடந்தே போனேன்.

அன்று வானம் மேகம் கட்டியிருந்தது. வெயில் இல்லை, நிழலும் இல்லை. தெருவை அடைத்துக்கொண்டு ஜனம், அத்தனை பேரும் வெறுங்காலில். ஆயிரம் பேர் நடக்கிற இடத்தில் காலடிச் சத்தமே கேட்காதது ஒரு மாதிரி கனவு போல இருக்கும். மேடம் சுற்றிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். “எல்லாரும் இப்படி நடக்கும்போது எனக்கு மட்டும் என்ன” என்றார். நடக்க ஆரம்பித்தோம். மலையும் கூடவே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது வேறு முகத்தைத் திருப்பிக் காட்டியது. கொஞ்ச நேரம் எனக்கு ஆய்வும் மறந்துபோயிற்று.

“குட் ஆஃப்டர்நூன் சார்!”

கற்பூரத் தட்டோடு ஒன்பதாம் வகுப்பு எழுந்து நின்றது. நான் கேட்காத மாதிரி நடந்தேன். பத்தடி தள்ளி எலுமிச்சம்பழக் கூடைக்குப் பின்னாலிருந்து எட்டாம் வகுப்பு வணக்கம் வைத்தது. பாதுகாப்புக்காக மேடத்துக்கும் கடைகளுக்கும் நடுவில் குடை மாதிரி என்னை விரித்துக்கொண்டு நடந்தேன். பள்ளி நேரத்தில் பிள்ளைகளை வியாபாரத்துக்கு விட்டிருக்கிறான் என்று எழுதினால் ஃபைல் அங்கேயே முடிந்தது.

அன்னதானப் பந்தலில் ஒரு பெண் கரண்டியோடு நின்றாள். “சார்! சாம்பார் சாதம் வாங்கிக்கிங்க சார்!”

“யாரு சார் இந்தப் பொண்ணு?” என்றார் மேடம்.

“யாருன்னு தெரியலீங்க மேடம்.”

“அய்யோ சார், டென்த் பி சார் நான்! நேத்து என்னைத்தான் வெளிய நிக்க வெச்சீங்க!”

மேடம் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த வரிசை முழுவதையும் பார்த்தார். கற்பூரம், எலுமிச்சை, விபூதி, தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எனக்கு வணக்கம் வைத்தபடி ஒரு முகம்.

“இவங்கெல்லாம் உங்க ஸ்டூடன்ட்ஸா?”

“ஆமாங்க மேடம்” என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குக் கையிருப்பு இல்லை. தேதி கொடுத்த கதை முழுவதையும் ஒப்பித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பி, “டென்த் முடிச்சுட்டு என்ன பண்ணப்போற?” என்றார்.

“இங்க பிளஸ் ஒன் வந்தா படிப்பேன் மேடம். டவுனுன்னா வீட்ல அனுப்ப மாட்டாங்க.”

அதற்குப் பிறகு அவர் கடை கடையாக நின்றார். எல்லோரிடமும் அதே கேள்வி. செல்வியின் அண்டாவுக்கு முன்னால் மட்டும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆவிக்கு நடுவிலிருந்து செல்வியே பேசினார். பெரியவளைப் பற்றி, வேனைப் பற்றி. குரல் உடையாமல், மல்லாட்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

பள்ளியை நெருங்கும்போது பக்தர்கள் கூட்டத்துக்கு நடுவில் யூனிஃபார்ம் தெரிந்தது. மூன்று பெண்கள், புத்தகப் பையோடு, முகமெல்லாம் வேர்வை. செங்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்.

“எங்கம்மா போறீங்க?” என்றார் மேடம்.

“ஸ்கூலுக்கு.”

“ஸ்கூல் விடற நேரமாச்சே?”

“காலைலேர்ந்து பஸ்ஸே வர்ல. மத்தியானம் ஒண்ணு வந்து வெளியவே எறக்கி வுட்டுட்டான். நடந்து வர்றோம். இன்னிக்கு ஒரு மேடம் வர்றாங்களாம், வந்தே ஆகணும்னு காவியா சொன்னா. நீங்க கொஞ்சம் வழி வுடுங்க, லேட்டாவுது.”

மேடம் ஒதுங்கி வழி விட்டார்.

4. வகுப்பு நேரம்

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆர்டர் வந்துவிட்டது. அந்த நடையினால் வந்ததா, ஃபைலில் ஏற்கெனவே இருந்த எண்ணிக்கையினால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் துணிச்சல் இல்லை. ஜூன் மாதம் பழைய லேபில் பெஞ்சு போட்டு பிளஸ் ஒன் ஆரம்பித்தோம். காவியா முதல் வரிசை. புதிய ஆசிரியர்களுக்கு இன்னும் போஸ்டிங் போடவில்லை. அதுவரை பிசிக்ஸ் நான் எடுப்பதாக ஏற்பாடு.

அந்த முதல் வாரத்தில் அட்மிஷனுக்கு வந்த பெற்றோரை கேட்டருகே நிறுத்தி, இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கமாயிற்று. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. நான்தான் மேடத்தின் செருப்பைக் கழற்றச் சொன்னேன் என்றானது. பிறகு, யோசித்துத்தான் பௌர்ணமியைக் கொடுத்தேன் என்றும் ஆனது. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒருநாள் கதை உச்சத்தில் இருந்தபோது செல்வி மகளுக்குச் சாப்பாட்டுக் கூடை எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். உள்ளே போனார். திரும்பி வந்தார்.

“சார், கதையெல்லாம் நல்லாத்தான் கீது. பெல்லு அடிச்சு எம்மா நேரம் ஆவுது? உள்ள எம் பொண்ணு பிசிக்ஸ் புக்க தொறந்து வெச்சுக்கினு செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துகினு கீறா. இதுக்கா சார் ஸ்கூலு கேட்டோம்? போய்ப் பாடம் எடுங்க.”