பக்கத்து வீட்டுக் கதிரைகள்

உயர்தரம் படிக்கும் நான், பல்கலைக்கழகம் போவதற்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வீட்டு நிலைமையைப் பார்க்க இன்று கிராம சேவகர் வந்தார்.

ஆள் வருகிறார் என்றதும் அம்மா பக்கத்து வீட்டு மெத்தைக் கதிரைகளை இரவல் வாங்கிப் போட்டுவிட்டார். கேக்கும் வைத்தார்.

"அப்பா துறைமுகத்தில நாட்கூலி, ஐயா" என்றேன்.

அவர் கதிரையைத் தடவிப் பார்த்தார்.

"வசதியாத்தானே இருக்கிறீங்கள், பிள்ளை."

அதையே படிவத்திலும் எழுதினார்.

"இது இரவல்" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முறைத்த முறையில் மூடிக்கொண்டேன்.

அவர் போனபின் கேட்டால், "வந்த மனிசனை நிலத்திலயோ இருத்திறது?" என்கிறார்.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாளைக்கு மறுபடி வரச்சொல்லி அவரைக் கெஞ்சப்போகிறேன் என்றேன்.

"ஓம், வரச்சொல்லு. இந்த முறை சோபாவையும் கேட்டு வாங்குவம்."

யாராவது என் அம்மாவோடு கதைக்க ஏலுமா?