படியில் கிடந்த அறக்குளா

பலிபீடத்தின் கீழ்ப்படியில் ஓர் அறக்குளா மீன் கிடந்தது. அதன் ஈரம் வெள்ளை விரிப்பின் ஓரத்தை மெல்ல நனைத்துக்கொண்டிருந்தது. சுவாமியார் இரண்டு கையையும் நீட்டியபடி நிற்க, மீனைக் கொண்டுவந்த என் பெரியம்மா பக்கக் கதவால் வெளியே போய்விட்டார். பாடகர் குழுவில் நின்ற நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் காணிக்கைப் பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போர்க்காலம், கடலுக்குப் போக ஆயிரம் தடை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பெரிய மீனைக் கண்ணால் காண்பதே அரிது. மகன் உயிரோடு கரை திரும்பினால் அவன் பிடித்த பெரிய மீன் கோயிலுக்கு என்று பெரியம்மா நேர்ந்திருந்தார். திரும்பினான், படியில் கிடந்தது அந்த மீன்தான். கோயிலடிச் சந்தையில் மீன் விற்ற பெரியம்மாவின் வாய்க்குப் பயந்து காகமும் அவர் ஓலைக் கடகத்துப் பக்கம் வராது என்று நாங்களே பகிடி பண்ணுவோம். ஆனால் செபமாலை சொல்லாமல் படுக்கமாட்டார்.

அந்தக் கிழமை அவர் செய்தது பகிடியில்லை. தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண், நெற்றியில் திருநீற்றோடு, தன் கடகத்தை வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். “உது எங்கடை ஆக்களின்ரை இடம்” என்று சொல்லிப் பெரியம்மா கடகத்தைக் காலால் தட்டிவிட்டார். சேற்றில் விழுந்த மீனைப் பொறுக்கிக்கொண்டு அவள் வாய்க்கால் ஓரம் போனாளாம். வீட்டில் பெரியம்மா இதை வீரமாகத்தான் சொன்னார். நான் பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டேன்.

காணிக்கை செலுத்த வரும்போது யாருக்காவது உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது அன்றைய நற்செய்தி. எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டுக் காணிக்கையையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். பெரியம்மா ஒருவர்தான் அதைச் சொன்னபடியே செய்தார். “சுவாமி, கொஞ்சம் பொறுங்கோ, வாறன்” என்றார், அவ்வளவுதான்.

சந்தையில் நடந்ததை அந்தப் பெண்ணே பிறகு எனக்குச் சொன்னாள். பெரியம்மா மூச்சிரைக்க வந்து நின்று, எல்லாருக்கும் கேட்க, “நான் செய்தது பிழை. நீ மன்னிச்சால்தான் நான் கோயிலிலை மீனைக் குடுக்கலாம்” என்றாராம். மீன் எங்கே என்று இவள் கேட்டிருக்கிறாள். படியில் கிடக்கிறது என்றதும் எழும்பிவிட்டாள். “அக்கா, மீன் பழுதாப் போயிடும். முதல் அதைக் குடுங்கோ. கோவத்தைப் பிறகு பாப்பம்.”

நாங்கள் நாலாம் தரம் பாடும்போது இருவரும் முன்வாசலால் வந்தார்கள். திருநீற்றைக் கண்டு வாங்குகளில் இருந்தவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. பெரியம்மா அவள் கையை விடவில்லை. ஒருத்தி தலையும் ஒருத்தி வாலுமாகப் பிடித்து மீனைக் கொடுத்தார்கள். நான் பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். இந்தப் பெரியம்மாவின் பெறாமகள் நான் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டதுபோல் பிறகு எதற்கும் பெருமைப்பட்டதில்லை.

மூன்று நாள் அவள் பெரியம்மாவோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், பெரியம்மா ஒதுக்கிவைத்திருந்த பாதி இடத்தில் வந்து இருந்தாள்.

பெரியம்மா காலமாகிப் பல வருடம். போன மாதம் அந்தச் சந்தைக்குப் போனேன். தலை நரைத்து அவள் அங்கேயே இருந்தாள். பக்கத்தில், பெரியம்மாவின் இடத்தில், முன்பின் தெரியாத ஓர் இளம்பெண். யாரென்று கேட்டேன்.

“ஆரோ, முந்தநாள்தான் வந்தவ. இது அக்காவின்ரை இடமெல்லே, புதுசா வாற ஆக்களுக்கெண்டு விட்டிருக்கிறன்.”

அந்த இளம்பெண்ணிடமே ஓர் அறக்குளா வாங்கினேன். அதைக் கையில் பிடித்தபடி நின்றேன், கண் நிறைந்து வழிந்தது.

“நிண்டு அழாதை பிள்ளை,” என்றாள் மூத்தவள். “மீன் பழுதாப் போயிடும்.”