துப்பாக்கிக்குச் சுடுதண்ணீர்

நேற்றுச் சோளக்காட்டில் பன்றி விரட்டச் சுட்ட துப்பாக்கியை, தேர்தல் முடியும்வரை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க அப்பா கிளம்பிக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிறுவயதில், ஒவ்வொரு மாரியம்மன் நோம்பிக்கும் அப்பா இதே நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, வானத்தைப் பார்த்துச் சுடுவார். ஊரே கைதட்டும். வீட்டுக்கு வந்ததும், நான் குளிக்க அடுப்பூதிக் காயவைத்த தண்ணீரைத் துப்பாக்கிக் குழலுக்குள் ஊற்றிவிடுவார். மருந்துக் கசடு கரைந்து இந்த நாற்றம் கிளம்பும்.

“எனக்குத் தண்ணிங்கப்பா?”

“கழுவலைன்னா துருப்புடிச்சுரும். நீ பச்சத்தண்ணியில குளிச்சுக்க சாமி.”

இப்போது எனக்கு ஐம்பது வயது, உடம்பில் காய்ச்சல் வேறு. ஹீட்டர் போட்டு வைத்திருந்த வாளியைப் பார்த்தேன். காலி. குழலைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவேயில்லை.

“பச்சத்தண்ணி இருக்குதல்ல சாமி?”