தேவராசாவின் கதலி ஸ்டவுட்

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் கற்பித்த பட்டதாரி ஆசிரியன். மொன்றியலுக்கு வந்த பின்னர் சென்ட் லோரன்டில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். இங்கே எழுதப்போகும் விடயங்கள் நடந்த காலத்தில் எங்கள் கோயில் பரிபாலன சபைக்கு நான் தலைவர். கல்யாண வீடுகளில் முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை இருக்கும். நான் பிந்திப்போனாலும் அதில் வேறொருவரும் உட்காரமாட்டார்கள். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் எத்தகைய உயரத்திலிருந்து இறங்கிவந்து சில மனிதரோடு பழகுவதாக நான் அப்போது நினைத்திருந்தேன் என்பது தெரிந்தால்தான் மிகுதி உங்களுக்கு விளங்கும்.

போன கிழமை மகள் வந்து பேஸ்மென்டைத் துப்புரவாக்கினாள். அவளுக்கு இந்த வீட்டை விற்றுவிட வேண்டும். எனக்கு மறுத்துப் பேசக் களைப்பாக இருக்கிறது. மூலையில் கிடந்த ஒரு கடதாசிப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"அப்பா, இதென்ன, பழுதாப்போன கோப்பிக்கொட்டையா?"

பையின் வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வறுத்த பார்லி. ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கருகல் வாசனை போகவில்லை. கோப்பி போலத்தான், ஆனால் கோப்பியிலும் சற்றே துக்கமான வாசனை. "எறிஞ்சு விடு பிள்ளை" என்றேன். அவள் எறிந்தாள். 

ஸ்டவுட் என்ற கறுப்பு பியரை எங்கள் ஊரில் எவரும் குடிவகை என்று கருதியதில்லை. அது மருந்து. பிள்ளை பெற்றவர்களுக்கும் நெருப்புக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்களுக்கும் முட்டை அடித்துக் கலந்து கொடுப்பார்கள். சாராயம் குடித்தவரைப் படலைக்கு உள்ளே விடாத என் பெரியம்மா, வருத்தத்திலிருந்து எழும்பிய காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்று மெல்லக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே என்னோடு வேலை செய்த தேவராசா ஸ்டவுட் காய்ச்ச என்னை அழைத்தபோது, ஒரு மருந்தியல் ஆய்வுக்குப் போவதாகவே நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். படித்தவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்ளும்போதும் தக்க காரணத்தோடுதான் ஏமாற்றிக்கொள்வார்கள்.

தேவராசா எங்கள் தொழிற்சாலையில் பொதியிடும் பகுதியில் வேலை செய்தவர். நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் மனைவி மனோகரியோடு வாடகைக்கு இருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, "மாஸ்டர், இந்த ஈஸ்ட் எண்டுறது உயிருள்ள சாமானோ, இல்லாட்டி அப்பச்சோடா மாதிரியோ?" என்று கேட்டார். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஆண்டுக்கணக்காக ஒருவரும் என்னிடம் இரசாயனம் கேட்டதில்லை. இடுப்பு வலிக்கு எந்தக் குளிசை நல்லது என்றுதான் கேட்பார்கள்.

அவர் வீட்டின் பின் ஒழுங்கையில் மார்செல் என்ற ஓய்வுபெற்ற தபால்காரரின் கராஜ் இருந்தது. முளைகட்டி உலர்த்திய பார்லியைப் பெரிய பானையில் சுடுநீர் விட்டு ஊறவைத்து, வடித்த சாற்றைக் கொதிக்கவைத்து, பியர் செய்யும் வித்தையைத் தேவராசாவுக்குப் பழக்கியவர் அவர்தான். மூன்றாவது ஆள் ஜெராட். மட்டக்களப்பார், கிறிஸ்தவர், பஸ் ஓட்டுநர். நான் கழுத்துப்பட்டியோடு அந்தக் கராஜுக்குள் நுழைந்தபோது மார்செல் எழுந்து நின்று, "பொன்ஜூர், புரொபெசர்!" என்றார். நான் பேராசிரியர் அல்லன். ஆயினும் திருத்தவில்லை.

முதல் நாளே ஒரு நிபந்தனையைச் சொன்னேன். என் பெயர் அந்த ஒழுங்கையைத் தாண்டக் கூடாது. கோயில் சபைத் தலைவர் வீட்டில் பியர் காய்ச்சுகிறார் என்றால் எங்கள் சனம் அதைக் கசிப்பு என்றுதான் சொல்லும். பியரைப் புளிக்கவைப்பதற்கும் கள்ளச்சாராயம் வடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீடுவீடாகப் போய் விளக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

தேவராசா சிரித்தார். "உதுக்கேன் யோசிக்கிறியள்? ஆராவது கேட்டால் எல்லாம் என்ர எண்டு சொல்லுறன். என்னைக் குடிகாரன் எண்டு சனம் எப்பவோ தீர்ப்பு எழுதிப்போட்டுது."

"எழுதினது பிழையான தீர்ப்பெல்லோ?" என்றேன்.

"பிழைதான். ஆனால் மாஸ்டர், வழக்கை மறுபடி துவங்க ஏலாது."

உண்மையில் அவர் ஒரு சிறிய கிளாஸுக்கு மேல் குடித்து நான் கண்டதில்லை. அதையும் பின்னேரம் முழுவதும் வைத்திருப்பார், அதன்பின் பிளேன்டீ. அவருக்குக் காய்ச்சுவதிலும் கதைப்பதிலும்தான் வெறி.

அந்தத் தை மாதத்தில் நாங்கள் செய்த பிழையை எங்கள் ஆட்கள் மட்டுமே செய்திருக்க முடியும். இந்த ஊர்க் குளிரில் தோசைமா பொங்காது என்பது உங்களுக்குத் தெரியும். என் துணைவியார் மாச்சட்டியைப் பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் பெர்னஸ் அருகே வைப்பார். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தேவராசா கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். "மாஸ்டர், மாவும் புளிக்குது, பியரும் புளிக்குது. இரண்டுக்கும் ஒரே நியாயம்தானே?" நானும் தலையாட்டினேன். ஸ்டவுட் நிறைந்த கண்ணாடிச் சாடியை மாச்சட்டிக்கு அருகிலேயே வைத்தோம். சாடி ஒருபக்கம் புளுக் புளுக் என்றது. மா மறுபக்கம் பொருமியது.

"இஞ்சருங்கோ, என்ர மாவுக்குப் பக்கத்திலை இது என்ன கோதாரி?" என்று கீழிருந்து துணைவியாரின் குரல் வந்தது.

"ஒரு பரிசோதனை" என்றேன்.

"பரிசோதனை மூடியைத் தள்ளிக்கொண்டு நிலத்திலை ஓடுது. வந்து துடையுங்கோ."

போத்தலில் அடைத்து, பதப்பட விட்டு, கராஜில் முதலாவதைத் திறந்தோம். மார்செல் ஒரு வாய் குடித்தார். மூக்கைத் தேய்த்தார். "பனான்" என்றார். வாழைப்பழம்! ஜெராட் குடித்துவிட்டு, "மாஸ்டர், இது ஸ்டவுட் இல்ல. கதலிக் குலைக்குள்ள தலைய விட்ட மாதிரி இரிக்கு" என்றார். அளவுக்கு மீறிய சூட்டில் ஈஸ்ட், எசுத்தர் என்ற வாழைப்பழ மணமுள்ள இரசாயனச் சேர்வையை உண்டாக்கும். அந்த எசுத்தரைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். அது என் பேஸ்மென்டிலேயே பிறந்து என் மூக்குக்குக் கீழே வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தேவராசா மட்டும் தன் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. மற்றதெல்லாம் கோப்பிச் சக்கை. இனி எனக்குக் கதலி ஸ்டவுட்தான்."

"அது பிழையான பியர்" என்றேன்.

"நானும் பிழையான ஆள்தானே மாஸ்டர்."

அதன் பின்னர் நான் பிழை விடவில்லை. வெப்பமானி வாங்கினேன். சாடியைக் குளிரான மூலைக்கு மாற்றினேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில், வேலைக்குக் கொண்டுபோகும் தோல் பையில் போத்தல்களைப் பழைய பத்திரிகை சுற்றி வைத்துக்கொண்டு வில்லரேக்குப் போவேன். வழியில் தெரிந்தவர்கள் கண்டால் கோயில் கணக்கு வழக்கு என்று நினைத்து வழிவிடுவார்கள். கராஜில் ஒவ்வொருவரும் தாம் காய்ச்சியதைத் திறந்து மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். தன்னுடையதைத் தானே புகழக் கூடாது. நான் நிறத்தையும் நுரையையும் கசப்பையும் தனித்தனியே மதிப்பிட்டுப் புள்ளி வழங்குவேன். "மாஸ்டர் இப்பயும் விடைத்தாள் திருத்திறார். எனக்கு எப்பயும் சாதாரண சித்திதான்" என்பார் ஜெராட், மட்டுமட்டாகப் பாஸான மாணவனைப் போல. என் ஸ்டவுட்டுக்கு மார்செல் ஒருமுறை தன் கிளாஸை இரண்டாவது தடவையும் நீட்டினார். எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளில் அந்த அளவு சூடு இருந்ததில்லை. தேவராசாவோ ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனால் கதலி இல்லை" என்பார்.

அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அவர் அதை எங்களுக்குச் சொன்ன விதமும் ஒரு பகிடியாகத்தான் இருந்தது. அதை எழுத மனம் வரவில்லை. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் கராஜுக்கு வருவார். கம்பளித் தொப்பியோடு மூலையில் இருந்து பிளேன்டீ குடிப்பார். பிறகு வரவும் முடியாமற் போனது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். வெப்பமானியை மேசையில் வைத்துவிட்டு, சாடியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெர்னஸ் அருகே வைத்தேன். தெரிந்துகொண்டே ஒரு பிழையை, அந்தப் பிழை சரியாக வர வேண்டுமே என்ற கவலையோடு, என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் செய்தேன். துணைவியார் வந்து பார்த்தார். தன் மாச்சட்டியைச் சற்றே தள்ளி இடம்விட்டுப் போனார்.

ஒரு போத்தலைக் கொண்டுபோய் அவர் கட்டிலருகே திறந்தேன். அவர் குடிக்கவில்லை, போத்தலின் வாயை முகர்ந்து பார்த்தார். "மாஸ்டர், பெர்னஸுக்குப் பக்கத்திலையோ வைச்சனீங்கள்?" என்றார். "ஓம்" என்றேன். "உங்கட புள்ளித் திட்டத்திலை இதுக்கு எவ்வளவு?" நான் போத்தலை அவர் மூக்குக்கு இன்னும் கிட்டப் பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தார். மாசி மாதம் முடியுமுன் போய்விட்டார்.

எட்டாம் நாளில், இறந்தவருக்கு விருப்பமான எல்லாவற்றையும் ஆக்கி வாழையிலையில் படைப்பது எங்கள் வழக்கம். மீன் இறைச்சி என்ற மச்சமோ, சாராயமோ, சுருட்டோ, எது பிடிக்குமோ அது. நான் வீட்டிலிருந்து புறப்படும்போது கதலி ஸ்டவுட் போத்தல் ஒன்றைத் தோல் பையில் வைத்தேன். வெளியே எடுக்கும் எண்ணம் இருந்ததா என்று கேட்டால், இருக்கவில்லை.

அந்தச் சிறிய வீடு நிறையச் சனம். மார்செல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சம்மாணம் கொட்ட முடியாமல் காலை நீட்டிச் சுவரோடு இருந்தார். எனக்குக் கதிரை போட்டார்கள். எனக்குப் பின்னால் இருவர் கதைத்தது தெளிவாகக் கேட்டது.

"என்ன வருத்தம் எண்டு சொன்னாலும், குடிதான் ஆளை முடிச்சது."

"பின்னை? கசிப்பெல்லோ காய்ச்சினவராம். பின் ஒழுங்கையிலை வைச்சு."

படையலுக்குக் கிண்ணங்களைக் கொண்டுவந்த மனோகரிக்கும் அது கேட்டது. அவர் கிண்ணங்களை வைத்துவிட்டு நிமிர்ந்து, ஜெராட்டிடம் சொன்னார்: "தம்பி, அவருக்கு விருப்பமான அந்தக் கறுப்புச் சாமான் ஒரு போத்தில் ஆரிட்டையும் கிடக்குமோ? கடையிலை வாங்கி வைக்க மனம் வரேல்லை."

கேட்டது ஜெராட்டிடம். பார்த்தது என்னை. தேவராசா கொடுத்த வாக்கை அவர் இறந்தபின்னும் அந்த வீடு காத்துக்கொண்டிருந்தது.

ஜெராட் நிலத்தைப் பார்த்தார். "மறுகா தேடிப் பார்ப்பம் அக்கா."

நான் எழுந்து பையைத் திறந்தேன். பத்திரிகைத் தாளைப் பிரித்த சத்தம் அந்த அறையில் தேவைக்கு மேல் கேட்டது. போத்தலை இலையின் தலைப்பக்கம் வைத்து மூடியைத் திறந்தேன். நுரை பொங்கி வழிந்து சோற்றில் பட்டது. அறையெங்கும் வாழைப்பழ மணம்.

சபைச் செயலாளர் கிட்ட வந்தார். "தலைவர், இதென்ன?"

"ஸ்டவுட்."

"தேவராசா காய்ச்சினதோ?"

"இல்லை. நான் காய்ச்சினது. அவர் காய்ச்சினதாக நீங்கள் கேள்விப்பட்டதில் பாதியும் நான் காய்ச்சினது. அந்த மனிசன் ஒரு கிளாஸுக்கு மேலே குடிச்சதை நான் காணேல்லை."

 மனோகரி சாம்பிராணித் தட்டைக் கையில் எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

பதவி போகும் என்று எதிர்பார்த்தேன். விலகல் கடிதத்தையும் எழுதினேன்; ஏற்க மறுத்துவிட்டார்கள். கூட்டத்தில் செயலாளர் எழுந்து, பெரிய மனம் என்றால் என்ன என்பதைத் தலைவரிடம்தான் கற்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். "நான் சொன்னது உண்மை" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். என் கதிரை முன்வரிசையில் அப்படியே இருந்தது. முதுகுவலியால் நானாகத்தான் பின்னாளில் விலகினேன்.

மார்செலின் கராஜ் இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு நிற்கிறது; அவர் மகளோடு ஆற்றுக்கு அப்பால் எங்கோ போய்விட்டார். ஜெராட் ரொறன்ரோவில். தீபாவளிக்குத் தொலைபேசி எடுப்பார். இருவரும் பியரைப் பற்றிக் கதைப்பதில்லை. பார்லி வாங்கிய கடை மூடிவிட்டது. மனோகரி அந்த வீட்டை விட்டுப் போய் நெடுநாளாகிறது. கோயிலுக்கு அவர் வருவதில்லை. துணைவியார் தோசைமாவைக் கடையில் வாங்குகிறார். "வீடு ஒரு மணமும் இல்லாமல் கிடக்கு" என்று ஒருநாள் சொன்னார்.

இறந்த நண்பனின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பெருமகன் என்று என்னைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு பாராட்டுக் கூட்டத்திலும் சொன்னார்கள். அது தவறு. நான் எவருடைய பழியையும் ஏற்கவில்லை. ஸ்டவுட்டைக் காய்ச்சியது நான். தேவராசா குடிகாரர் அல்லர். அவர் இறந்தது இரத்தப் புற்றுநோயால்.