உள்ளே இருந்த குழாயை மறைத்துச் சொன்ன சாட்சி

தேவபிள்ளைகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன ஓணத்துக்கு முந்தின ஞாயிறு இதே இடத்தில் நின்று நான் சொன்ன சாட்சியில் பாதியை மறைத்துவிட்டேன். மீதியைச் சொல்லத்தான் இன்று எழுந்தேன்.

கேரளத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஐ.டி. கம்பெனிக் கட்டடத்தில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். இடது விலாவில் வலி வந்து சாரத்திலேயே சுருண்டு உட்கார்ந்தேன். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாய் சுருங்கிவிட்டது, இப்படியே விட்டால் கிட்னி போய்விடும் என்றார் டாக்டர். மருந்தே தொடமாட்டேன் என்று உங்களிடம் பெருமை பேசினவன் நான். கத்தி மட்டும் வேண்டாம் ஆண்டவரே என்று அழுதேன்.

மறுநாள் டாக்டரே மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "கத்தி வைக்கண்டா. மூத்திரம் போகிற வழியாவே பலூன் விட்டு சரியாக்காம்."

அப்படியே சுருக்கத்தை விரித்தார். அது மறுபடி சுருங்காமல் இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்து, ஆறு வாரத்தில் வந்தால் எடுத்துவிடலாம் என்று அனுப்பினார்.

நான் இங்கே வந்து, கத்தி படாமல் கர்த்தர் குணமாக்கினார் என்றேன். பொய் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை, குழாயையும் சொல்லவில்லை. நீங்கள் கைதட்டினீர்கள். குணமானவன் மறுபடி எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவான்? ஆறு வாரம் போய் ஆறு மாதம் ஆனது. மூத்திரத்தில் ரத்தம் வந்தது. என் விசுவாசக் குறைவா, சாத்தானின் வேலையா, ஒன்றும் புரியவில்லை. அந்தக் குழாய் உள்ளேயே கரைந்து போகட்டும் என்று ஜெபித்தேன். சிரிக்காதீர்கள்.

காய்ச்சலில் விழுந்தபோது என் மனைவி செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ட்யூப எடுத்த பெறவு சாட்சி சொல்லியிருக்கலாம்லா. இப்ப கிட்னி போனா அதையும் சபையில சொல்லுவீங்களா?"

அன்று ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, என் வெட்கத்தை எடுத்துப்போடும். காலையில் பார்த்தால் வெட்கம் அப்படியே இருந்தது. ஆனால் கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

டாக்டர் திட்டித் தீர்த்தார். குழாயின் மேல் கல் படிந்து, சாந்து காய்ந்த கம்பி மாதிரி இருந்ததாம். இந்தத் தடவை கத்தி வைக்க வேண்டி வரலாம் என்றார். கடைசியில் கல்லை உள்ளேயே பொடித்து, போன வழியாகவே குழாயை எடுத்துவிட்டார். கிட்னி தப்பியது.

எந்த ஜெபத்துக்கு எது பதில் என்று இன்னும் குழம்புகிறேன். கரையக் கேட்டேன், கரையவில்லை. வெட்கம் போகக் கேட்டேன், இதோ இப்போதும் உங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் பேசுகிறேன். ஆனாலும் அன்று என்னைப் பஸ் ஏற்றினவர் அவர்தான். அதில் குழப்பமில்லை. அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்களில் யாருடைய வேதாகமத்துக்குள்ளாவது ஆஸ்பத்திரிச் சீட்டு ஒளிந்திருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். நாளைக்கு நானே கூட வருகிறேன்.