‘நம் படை’ என்று கோக்க மறுத்த கதை

ரங்கூனில் என் காலை சீனத்து யுத்தத்தோடுதான் விடிகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நான் மொகல் தெருவில் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். அதாவது போன மாசி வரை கோத்தவன். குடியிருப்பது சீனாக்காரத் தெருவில், ஒரு தச்சுப் பட்டறைக்கு மேல்மாடியில். பட்டறைக்காரர் கோ லுங், காண்டன் பக்கத்துச் சீனர். அவருடைய தம்பி ஆ மிங் வடக்கே ஆளும் பட்டாளத் தலைவர்களை ஒடுக்கக் காண்டனிலிருந்து புறப்பட்ட தென்படையில் சிப்பாய். சீனப் பத்திரிகை பிற்பகலில்தான் வரும், இங்கிலீஷ் பத்திரிகையோ விடிந்ததும் வந்துவிடும். பிற்பகல்வரை பொறுக்க அவரால் முடியாது. ஆகவே தினமும் காப்பிக்கு முன் நான் இங்கிலீஷில் படித்து, பர்மியத்தில் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது கடைத்தெருப் பர்மியம். எனக்குத் தெரிந்தது அதிலும் பாதி.

ஊர்ப் பெயர்களிலேயே தகராறு. பத்திரிகை வூச்சாங் என்கிறது, அவர் மோச்சோங் என்கிறார். கடைசியில் ஒரு தேக்குப் பலகையில் பென்சிலால் ஆற்றை வரைந்து, நான் திசை சொல்லச் சொல்ல ஆணி அடித்துக்கொண்டு போனார். சாங்ஷா பிடிபட்டபோது ஒரு ஆணி. பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆணியே இல்லை. தென்படை வூச்சாங் கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டு வெளியே கிடந்தது. ஏணி வைத்து ஏறியவர்கள் மதிலடியிலேயே மடிந்தார்கள் என்று படித்த நாட்களில் அவர் இழைப்புளியைத் தொடவில்லை.

ஒரு காலையில் சேதி வந்தது: கோட்டை விழுந்தது. ஓடிவந்து, எனக்குத் தெரிந்த பர்மியத்தில் "லெ த்வா பீ!" என்றேன். விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்தச் சொல் ஆளோ மரமோ சாய்ந்து விழுவதற்குத்தான் ஆகும், கோட்டைக்கு ஆகாது என்று யார் கண்டது? அவர் முகம் வெளிறிப்போய், "ஆ மிங்?" என்று கேட்டார். ஆ மிங்கின் படையா என்று கேட்கிறார் என நினைத்து, சிரித்துக்கொண்டே, "ஆமாம், ஆ மிங், ஆ மிங்!" என்று தலையாட்டினேன். அவர் மனைவி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். தெருவே கூடிவிட்டது. சிரித்தபடி சாவு சொன்ன கலாவை, இந்தியர்களாகிய நம்மை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள், உதைக்க நாலு பேர் தயாராக நின்றார்கள். பிற்பகலில் சீனப் பத்திரிகை வந்து என்னைக் காப்பாற்றியது. கோ லுங் பட்டாசுக் கட்டோடு மாடியேறி வந்து, "சயா, இனிமே நீங்க சிரிக்காம படிங்க" என்றார். சயா என்றால் இங்கே வாத்தியார். அந்தப் பட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வருஷம் திரும்பியது. தென்படை ஷாங்காயை நெருங்கியது. அங்கே இருக்கும் வெள்ளைக்காரர்களின் குடியிருப்பைக் காக்க இந்தியாவிலிருந்தும் பட்டாளம் போயிற்று. ஒருநாள் அச்சகத்துக்கு ஒரு ஒப்பந்தக்காரரின் துண்டு நோட்டீஸ் வந்தது. "ஷாங்காயில் இருக்கும் நம் படைக்குச் சமையலாட்களும் சுமையாட்களும் தேவை." முதல் சொல்லைக் கோத்தேன். இரண்டாவதையும் கோத்தேன். ‘நம்’ வந்ததும் கை நின்றுவிட்டது.

இங்கிலீஷ்காரனுக்கு ஒரே சொல்தான். நமக்கு இரண்டு. ‘எங்கள் படை’ என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கலாம், வேண்டுமானால் போகலாம், வேண்டாமென்றால் வீட்டில் இருக்கலாம். ‘நம் படை’ என்றால் அவனைக் கேட்காமலே உள்ளே இழுத்துப் போட்டாயிற்று. ஐரோப்பிய யுத்தத்தின்போது சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் தமுக்கடித்தவன் இதே சொல்லைத்தான் சொன்னான், "இது நம்ம சண்டை" என்று. என் அண்ணன் களத்துமேட்டிலிருந்து அப்படியே எழுந்து போனான். பஸ்ராவில் மூட்டை தூக்கினான் என்று தெரியும். பிறகு இங்கிலீஷில் ஒரு கடிதாசி வந்தது. அதைப் படிக்க ஆளில்லாமல் என் அம்மா நாலு மைல் நடந்தாள். அந்த ‘நம்’ மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

முதலாளி கீழக்கரை மரைக்காயர். கெட்டவர் அல்ல, அவசரக்காரர்.

"என்னப்பா, பாதியில வச்சுட்டே?"

"இது யார் படை, முதலாளி?"

"சர்க்கார் படை."

"அப்ப சர்க்கார் படைன்னு போடுவோம்."

"அப்புடிப் போட்டா எவன் வருவான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் நோட்டீஸை என் முன்னால் தள்ளினார். "சீனாக்காரன் பட்டறைக்கு மேலே இருந்து இருந்து உனக்குப் புத்தி பெரண்டு போச்சு. ஒரு சொல்லு. கோத்துட்டுச் சாப்பிடப் போ, தம்பி."

"கோக்க மாட்டேன்."

"அப்ப எந்திரி."

எழுந்துவிட்டேன். என் வீரத்தால் எந்தக் கப்பலும் நின்றுவிடவில்லை. இன்னொருவர் கோத்தார், மூன்றாம் நாள் நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருந்தது, நம்மவர் சிலர் கப்பலும் ஏறினார்கள். ஆனால் அந்த இரண்டெழுத்தில் என் விரல் பட்ட எழுத்து ஒன்றுமில்லை. கோ லுங் ஒன்றும் விசாரிக்காமல் என் கையில் உப்புத்தாளைக் கொடுத்து நாற்காலி தேய்க்க வைத்தார். அன்று முதல் மரத்தூளில் உட்கார்ந்துதான் யுத்தம் படித்தேன். பங்குனியில் தென்படை ஷாங்காய்க்குள் நுழைந்தது. தெரு முழுக்கப் பட்டாசு.

சித்திரையில் அந்தச் சேதி வந்தது. நான் சிரிக்காமல் படித்தேன்.

"யார் சுட்டாங்க?" என்று கேட்டார்.

"உங்க ஆளுங்க."

"செத்தது யாரு?"

"உங்க ஆளுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சயா, மறுபடியும் பர்மியத்தைக் கெடுத்துட்டீங்க." மூன்று தடவை படித்துக் காட்டினேன். நகரத்துக்குக் கதவு திறந்துவிட்ட தொழிலாளிகளையே, உள்ளே வந்த படைத்தலைமை சுட்டுத் தள்ளிவிட்டது. மூன்றாம் தடவை சிரிப்பு நின்றது. ஆ மிங் சுட்டவரிலா, சுடப்பட்டவரிலா என்று இன்றுவரை கடிதம் இல்லை.

அடுத்த நாள் மரைக்காயர் தெருவில் மறித்தார். "பாத்தியா? எவனுக்காக வேலையை விட்டே? அவனுகளே அவனுகளைச் சுட்டுக்கிறானுக." யாருக்காகவும் விடவில்லை, இன்று கொடுத்தாலும் அந்தச் சொல்லைக் கோக்க மாட்டேன் என்றேன்.  

பட்டறைக்குத் திரும்பினேன். கோ லுங் வேலையில்லாமல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். "செத்தது தொ லூ" என்றார். நான் உப்புத்தாளை எடுத்தேன். பிறகு, "சுட்டதும் தொ லூ" என்று சொல்லிவிட்டு, நகர்ந்து பெஞ்சியில் எனக்கு இடம் விட்டார்.

லூ என்றால் ஆட்கள். பர்மியத்தில் ‘தொ’ என்ற ஒரே சொல்தான் ‘எங்கள்’ என்பதற்கும் ‘நம்’ என்பதற்கும். அவர் சொன்ன ஆட்களில் நான் உண்டா என்று நான் கேட்கவில்லை. வேறொரு அச்சகத்தில் இடம் கேட்டு, இந்தக் கட்டுரைக்கு நானே எழுத்துக் கோக்கப்போகிறேன். அவர் சொன்னதை ‘நம் ஆட்கள்’ என்றுதான் கோப்பேன். தப்பென்றால் திருத்த அவருக்குத் தமிழ் தெரியாது.